பொருள்: 'அக்ரீஷன் லேயர்' – தமிழில் என்ன?

வணக்கம்.
எகிப்தில் எட்ஃபு நகருக்குத் தெற்கே சுமார் 5 கி.மீ. தொலைவில், நைலின் மேற்குக் கரையில், எல்-கொனேமியா ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய பிரமிடு பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் தேவை. ஸ்டெப் பிரமிடுக்குப் 'படிப் பிரமிடு' போதும். 'படிக்கட்டுப் பிரமிடு' என்றால் ஏறிப் போகக் கட்டியது போலாகிவிடும். இடறுவது அக்ரீஷன் லேயர்தான், அதாவது பிரமிடின் நடுக்கருவைச் சுற்றி ஒட்டிக் கட்டிய ஒவ்வொரு சுவரும். இப்போதைக்குத் 'திரள் அடுக்கு' என்று போட்டிருக்கிறேன்.
– க.

> இப்போதைக்குத் 'திரள் அடுக்கு'

இரண்டு பாதியுமே சரியில்லை. திரள்வது தானாக நடப்பது, மோரில் வெண்ணெய் திரள்வது போல. கோள்கள் உருவாவதை விளக்க அந்தச் சொல் உதவும். கொத்தர் கட்டியதற்கு உதவாது.

'அடுக்கு' அதைவிட மோசம். பெரிய மேடை, அதன் தலையில் சிறிய மேடை, அதற்கும் மேல் இன்னொன்று என்றுதான் வாசகர் படம் போட்டுக்கொள்வார். எட்ஃபுவில் இருப்பது அப்படியல்ல. நடுக்கரு தரையிலிருந்து உச்சிப் படிவரை ஒரே கட்டாக எழுகிறது. அதை நாற்புறமும் சுற்றி ஒரு சுவர். அதுவும் தரையிலிருந்தே கிளம்புகிறது, ஆனால் கருவைவிட உயரம் குறைவு. அதற்கும் வெளியே மற்றொன்று, இன்னும் குட்டை. இந்த மூன்றின் தலைகளும் வெளியே தெரிவதுதான் மூன்று படி. கிடையாக வெட்டினால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். நெடுக்காக வெட்டினால் நிற்கும் பட்டைகள். எங்கேயும் 'அடுக்கு' கிடையாது.

கட்டுரைக்கு அளவுகள்: அடிப்பக்கம் ஏறத்தாழ 18.4 மீ., அதாவது 52.5 செ.மீ. நீளமுள்ள எகிப்திய அரச முழத்தில் 35. தொடக்க உயரம் சுமார் 13 மீ. என்று கணிக்கிறார்கள், இன்று நிற்பது 5 மீ. அளவே. அங்கேயே கிடைத்த மணற்கல், களிமண் சாந்து.

'அணைசுவர்' என்று வைத்தால் என்ன?
– மீ.

> 'அணைசுவர்' என்று வைத்தால் என்ன?

மண்சரிவைத் தாங்கும் சுவருக்கு அதை ஏற்கெனவே எழுதுகிறார்கள். வெளிச்சுவர் உள்ளே இருப்பதைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற எண்ணமும் வந்துவிடும். உண்மையில் இந்த வகைக் கட்டுமானத்தில் சுவரே உள்நோக்கிச் சாய்கிறது. கல்வரிகளும் மட்டமாக இல்லாமல், முகப்புக்குச் செங்குத்தாக உள்பக்கம் தாழ்ந்து கிடக்கும். எடை கருவை நோக்கி இறங்குவதால் வெட்டிச் சீராக்காத கல்லும் களிமண்ணும் போதும்.

பலவீனமும் இங்கேதான். சுவருக்கும் சுவருக்கும் இடையே கல்லோடு கல் கோக்கவில்லை. மெய்டும் பிரமிடில் நடந்ததைப் பாருங்கள். படிகளை மறைத்துச் சரிவான முகப்பு கொடுக்க வெளியே மேலும் கட்டினார்கள். அதன் வரிகள் மட்டமானவை, அடியில் மணல், முதுகுக்குப் பின்னால் ஏற்கெனவே மழமழவென்று தேய்த்த முகப்பு. பிடிமானம் எதுவும் இல்லை. வெளிப்பகுதி சரிந்தது, உள்ளே இருந்த சாய்சுவர்கள் கோபுரம் போல நிற்கின்றன.

ஆகவே ஒட்டி நிற்கிறது, ஆனால் பிணையவில்லை என்பதைச் சொல் காட்ட வேண்டும். 'ஒட்டுச்சுவர்'?
– இரா.

'போர்வைச் சுவர்', 'உறைச்சுவர்' இரண்டையும் யோசித்தேன். 'உறை' வெளிப்புறச் சுண்ணாம்புக்கல் பூச்சுமுகத்துக்கு வேண்டும், அதைச் செலவழிக்கக் கூடாது. 'சூழ்சுவர்' மதிலோடு குழம்பும். சக்காராவில் ஜோசர் மன்னரின் பிரமிடு வளாகத்துக்கே 10 மீட்டருக்கு மேல் உயரமான மதில் உண்டு.

'படிச்சுவர்' என்று யாராவது சொல்வதற்கு முன்: எட்ஃபு வகையில்தான் ஒரு படிக்கு ஒரு சுவர். ஜோசர் பிரமிடில் ஒரே படிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சுவர்கள் இருக்கின்றன.

ஒட்டுச்சுவருக்கு என் வாக்கு. முதல் முறை 'சாய் ஒட்டுச்சுவர்', பிறகு வெறும் 'ஒட்டுச்சுவர்'.
– மீ.

ஏற்கிறேன். இதே கட்டுரையில் 'ஹுனியின் கல்லறைப் பிரமிடுகள்' என்று ஒரு துணைத்தலைப்பு வைத்திருந்தேன்…
– க.

> 'ஹுனியின் கல்லறைப் பிரமிடுகள்'

நீக்கிவிடுங்கள். எலிபன்டைன் தீவு, எட்ஃபு, எல்-கூலா, நகாடா, சின்கி என்று தொடரும் இந்தச் சிறு பிரமிடுகளின் வரிசையில் அரசரைப் புதைக்க அறையே கிடையாது. எட்ஃபு பிரமிடின் அடிவாரத்தில் குழந்தைகளின் புதைகுழிகள் உண்டு, ஆனால் அவை பின்னாளில் தோண்டியவை. பிரமிடு அவர்களுக்காக எழுந்ததல்ல. மூன்றாம் அரசமரபு மன்னர் ஹுனியின் பெயரும், எலிபன்டைனில் கிடைத்த, அவர் பெயர் பொறித்த கருங்கல் கூம்பை வைத்து மற்றவற்றுக்கும் நீட்டியதுதான். ஃபயூமின் ஓரத்தில் இருக்கும் செய்லா பிரமிடில் 1987-இல் கிடைத்த நடுகல்லோ அடுத்த மன்னர் ஸ்னெஃப்ரு பெயரைச் சொல்கிறது.

தலைப்புக்கு 'மாகாணப் பிரமிடு' பரவாயில்லை, ஆனால் நோக்கத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 'சிறு படிப் பிரமிடு' எதையும் தீர்மானிப்பதில்லை. எல்-கூலா பற்றி எழுதும்போது ஒன்று கவனிக்கவும்: மற்றப் பிரமிடுகளில் பக்கங்கள் திசை பார்க்கும் என்று பழகிய கை அங்கேயும் அப்படியே எழுதும். அங்கே திசைகளை நோக்குபவை மூலைகள்.
– இரா.

சொற்கோவைக்கு இப்படி:

ஒட்டுச்சுவர் – படிப் பிரமிடின் கருவைச் சுற்றித் தரையிலிருந்து எழும், உள்நோக்கிச் சாய்ந்த, அடுத்ததோடு கற்கள் கோக்காத தனிச்சுவர். பன்மை: ஒட்டுச்சுவர்கள்.
கல்வரி – சுவரில் ஒரே வரிசையாகப் பதித்த கற்கள். 'படுகை' வேண்டாம், அது ஆற்றுக்கு.
– மீ.