ஐரிஷ் நாடகங்களில் கல்யாணப் பேரம்: யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஐரிஷ் நாடகங்களில் கல்யாணம் எப்படி ஆண்களின் அதிகாரத்துக்குக் கருவியாகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1903-இல் மேடையேறிய ஜே.எம். சிங்கின் 'இன் தி ஷேடோ ஆஃப் தி க்ளென்' நாடகத்தில், கொஞ்சம் நிலமும் மாடும் உள்ளவனைக் கட்டாவிட்டால் வயதான காலத்தில் எப்படிப் பிழைப்பது என்று கிழவனைக் கட்டிக்கொண்டவள் நோரா. அவனோ செத்த மாதிரி படுத்து வேவு பார்த்துவிட்டு அவளை வீட்டைவிட்டே துரத்துகிறான். அப்புறம் நடப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது: நோராவைக் கட்டிக்கொள்ளத் திட்டம் போட்ட இளைஞனும் அந்தக் கிழவனும் சேர்ந்து உட்கார்ந்து விஸ்கி குடிக்கிறார்கள்!

ஜான் பி. கீனின் 'சைவ்' (1959) நாடகத்திலும் தரகர், பணம், கிழட்டு விவசாயி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பேரத்தை முன்நின்று முடிப்பவள் பெண்ணின் மாமி. இதை ஆணாதிக்கம் என்ற சட்டகத்துக்குள் எப்படி வைப்பது? இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஐரிஷ் பெண் நாடகாசிரியர் தெரேசா டீவியின் நாடகங்களைப் படித்தவர்கள் இருக்கிறீர்களா? 1995 வாக்கெடுப்புக்குப் பிறகே மணவிலக்கை அனுமதித்த நாடு அயர்லாந்து. அதற்குப் பின் பெண்கள் எழுதிய நாடகங்கள் ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். தமிழில் கட்டுரை இருந்தால் இன்னும் நல்லது.