தேக்குல கண்ணு உண்டா இல்லையா? ரேகை பெயிண்ட் அடிச்ச மேசை பத்தி

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
சாதா மரத்து மேல தேக்கு மாதிரி ரேகை வரையுற பெயிண்ட் வேலை பண்ற பிரஷ்காரன் தம்பி நேத்து இங்க ஒரு வார்த்தை எழுதிட்டுப் போனாரு. "நான் ரேகை போட்ட மாமர மேசையையும் பர்மா தேக்கு மேசையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எந்த ஆசாரியாலயும் கண்டுபிடிக்க முடியாது"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. எங்கப்பா சாகுற வரைக்கும் உளி பிடிச்சவரு, நான் 30 வருசமா பிடிக்கிறேன், எங்களைப் பார்த்துச் சொல்ற பேச்சா இது? அவரு போட்ட போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நாலடிப் பலகையில ரேகைக்கு நடுவுல நீள வட்டமா அஞ்சு கண்ணு, சாணுக்கு ஒண்ணு, அளந்து வச்ச மாதிரி. நல்ல தேக்குல கண்ணு கிடையாது தம்பி. கண்ணு விழுந்த பலகைய நாங்க மேசைக்கு மேல போடவே மாட்டோம்.

பிரஷ்காரன்_காரைக்குடி:
அண்ணே வணக்கம். நீங்க பார்த்தது ஒரு போட்டோ, அதுக்குப் பின்னாடி நாலு நாள் வேலை இருக்கு. முதல்ல 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, பட்டி வச்சு, பிரைமர் அடிச்சு, மஞ்சள் எனாமல் ரெண்டு கோட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் காய விடணும். அதுக்கு மேல பழுப்புச் சாயம் (ஸ்டெய்னர்) எடுத்து லின்சீடு ஆயில், டர்பன்டைன்ல கலக்கி மெல்லிசா இழுத்து, ஈரம் இருக்கும்போதே ராக்கரை, அதான் ரேகை பதிக்கிற ரப்பர் கருவியை, ஆட்டிக்கிட்டே இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல தும்மல் வந்து கை நின்னா குறுக்கே ஒரு கோடு விழுந்துரும், மொத்தத்தையும் துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். சித்திரை வெயில்ல ஃபேனைக் கூட நிறுத்திட்டுத்தான் செய்யணும், இல்லாட்டி இழுக்கிறதுக்குள்ள காஞ்சிரும். கடைசியா வார்னிஷ் ரெண்டு கோட்டு. இதைக் கேலி பண்றவங்க ஒரு தடவை ராக்கரைப் பிடிச்சுப் பாருங்க. அப்புறம் தேக்குல கண்ணு உண்டு, நான் கண்ணாலயே பார்த்திருக்கேன்.

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
கஷ்டப்பட்டு செஞ்சா பொய் மெய்யாயிருமா? கண்ணு இல்லேங்கிறேன், நீங்க டர்பன்டைன் கணக்கு சொல்றீங்க.

கோட்டையூர் பேரன்:
ஒரு நிமிசம். ரெண்டு பேரும் கண்ணுன்னு எதைச் சொல்றீங்க? மரத்துல கிளை முளைச்ச இடத்துல வர்ற கணு ஒண்ணு. அடிமரத்தைப் பலகையா அறுக்கும்போது வருசத்துக்கொரு வளையம் சாய்வா வெட்டுப்பட்டு கோபுரம் மாதிரி, முட்டை மாதிரி நீளமா தெரியுற உருவம் இன்னொண்ணு. ராக்கர் போடுறது ரெண்டாவது. தேக்குல வருச வளையம் நல்லா தெளிவா இருக்கும், அதனால அந்த உருவம் தாராளமா வரும். ஆசாரி அண்ணன் கணுவைச் சொல்றாரு, பெயிண்டர் அண்ணன் வளையத்தைச் சொல்றாரு.

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
பேரா, கணுன்னாலும் கண்ணுதான், கண்ணுன்னாலும் கண்ணுதான். எனக்கு மரம் சொல்லித் தராதே.

பிரஷ்காரன்_காரைக்குடி:
ஆமா பேரா, நீ சும்மா இரு, இது தொழில் பேச்சு. அண்ணே, கண்ணு உண்டு.

வளவு வீட்டு ஆச்சி:
நான் ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருசம் முன்னால இங்க ஒரு பழஞ்சாமான் கடையில தேக்குப் பெட்டின்னு சொல்லி 18,000 வாங்கிட்டாங்க. கடை பேரு வேண்டாம். ஐப்பசி மழையில சுவரோரம் ஈரம் ஏறி பெட்டியோட அடி உப்பிருச்சு. நகத்தால லேசா சுரண்டினேன், செதில் செதிலா வருது. மேல பழுப்பு, அதுக்குக் கீழ மஞ்சள், அதுக்குக் கீழ வெள்ளை, அதுக்கும் கீழ மாமரம். எங்க அப்பத்தா சீர் கொண்டு வந்த பெட்டி இன்னைக்கும் எங்க வீட்டு உள்ளறையில இருக்கு, எத்தனை மழை பார்த்திருக்கும், ஒரு செதில் வந்ததில்ல. அந்தக் கடைக்காரன்கிட்டப் போய்க் கேட்டா "ஆச்சி, நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க"ங்கறான். வயிறு எரியாதா?

பிரஷ்காரன்_காரைக்குடி:
ஆச்சி, உங்க வயித்தெரிச்சல் நியாயம், ஆனா அது வித்தவன் பண்ண மோசடி, பிரஷ் பிடிச்சவன் பண்ணது இல்ல. நான் பில்லுலயே "மாமரம், ரேகை பெயிண்ட்"னு எழுதித்தான் தர்றேன். தேக்கு வாங்க வசதி இல்லாதவங்க வீட்டுல அழகா ஒரு மேசை இருக்கக் கூடாதா? இது ஒண்ணும் நேத்து முளைச்ச வேலையும் இல்ல. அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி வாஷிங்டன், அவர் வீட்டுலயே பைன் மரத்து மேல மஹாகனி ரேகை போட வச்சிருக்காரு. இங்கிலாந்துல தாமஸ் கெர்ஷான்னு ஒருத்தரு, 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சியில மர ரேகை, பளிங்கு ரேகை வரைஞ்சு வச்சுப் பரிசு வாங்கினவரு. அவர் பலகைங்க இன்னைக்கும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. அவரைப் போய் மோசடிக்காரன்னு சொல்லுவீங்களா?

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
அந்தக் கெர்ஷா ஆன்லைன்ல ஒரு ரப்பர் ராக்கர் வாங்கி சாணுக்கு ஒரு கண்ணு போட்டாரா? கையால ஒவ்வொரு ரேகையா மரத்தைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சா அவரு ஓவியர், நான் கும்பிடுறேன். நீங்க போட்டது முத்திரை. ஒரே முத்திரை அஞ்சு தடவை. அப்புறம் வாஷிங்டன் வீட்டுக்குப் பர்மாவுல இருந்து தேக்கு வரல. நமக்கு வந்துச்சு. நம்ம செட்டிநாட்டு செட்டியாருங்க கடல் கடந்து பர்மாவுல ரங்கூன் போயி வட்டித் தொழில் பண்ணி, கப்பல்ல மரம் ஏத்தி, இங்க கொண்டாந்து முகப்புல தூணா நிறுத்தினாங்க. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சாலும் விரல் தொடாத தூணு. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்து எல்லாத்தையும் போட்டுட்டு வந்தாங்களே, அதோட நின்னுச்சு அந்த வாழ்வு. அந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு "யாராலும் கண்டுபிடிக்க முடியாது"ன்னு சொல்றதுதான் எனக்கு நெஞ்சைக் குத்துது.

தேவகோட்டை துரை:
தூணு மேல அவ்வளவு பாசமா? போன வருசம் எங்க தெருவுல இடிச்ச வீட்டுத் தூணை வாங்கிட்டுப் போயி ரெண்டா அறுத்து சென்னைக்காரங்களுக்கு டீபாய் பண்ணி வித்தது யாரு அண்ணே? லாரி நிக்கும்போது நானும் அங்கதான் நின்னேன்.

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
பதினொரு பங்காளி சேர்ந்து வீட்டை வித்தாங்க, நான் வாங்கலேன்னா விறகுக்குப் போயிருக்கும். மரத்தை மரமாத்தான் வித்தேன், கண்ணு வரைஞ்சு விக்கல.

தேவகோட்டை துரை:
2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல நம்ம செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தாங்க. அதுக்கப்புறமும் ஊருக்கு ஊரு வீடு இடியுது. ரேகை பெயிண்ட் அடிச்சவனால ஒரு தூணும் சாயல, உங்களை மாதிரி வாங்குறவங்க இருக்கவும்தான் சாயுது.

பிரஷ்காரன்_காரைக்குடி:
துரை அண்ணன் சொன்னது சரி. இன்னொண்ணும் கேக்குறேன். நம்ம வீட்டுச் சுவரு என்ன? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சுப் பளிங்கு மாதிரி மின்ன வச்சதுதானே? அதைத் தொட்டுப் பார்த்துட்டு வாயைப் பிளக்குறோம். அது பெருமை, நான் பண்ணா மோசடியா?

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
அந்தச் சுண்ணாம்பு எந்தக் காலத்துலயும் தன்னைப் பளிங்குன்னு சொல்லிக்கல. உங்க மேசை தேக்குன்னு சொல்லுது. அதுவும் கண்ணை வச்சுக்கிட்டு.

வளவு வீட்டு ஆச்சி:
எங்க வீட்டுச் சுவருக்கு முட்டை போடல. கடுக்காய், வெல்லம் ஊற வச்ச தண்ணிதான். எங்க ஐயா சொல்லிக் கேட்டிருக்கேன்.

தேவகோட்டை துரை:
ஆச்சி, முட்டை போடாம அந்த வழவழப்பு வராது. எங்க வீட்டுல கூடை கூடையா முட்டை வந்துச்சுன்னு எங்க பாட்டி சொல்லும்.

வளவு வீட்டு ஆச்சி:
உங்க வீட்டுல வந்திருக்கும். எங்க வீட்டுச் சுவத்துல இப்பவும் முகம் தெரியுது, வந்து பாத்துட்டுப் பேசுங்க.

கோட்டையூர் பேரன்:
வீட்டுக்கு வீடு கொத்தனார் கைப்பக்குவம் வேற, ரெண்டும் நடந்திருக்கும். மேசைக்கு வருவோம். கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈசி, கண்ணே பார்க்க வேண்டாம். பலகையோட முனைய பாருங்க. நிஜ மரத்துல மேல ஓடுற ரேகை முனையில வளையத்தோட வில்லு வில்லா வளைஞ்சு சேரும். பெயிண்ட்ல மேல ஒரு ரேகை, முனையில சம்பந்தமே இல்லாம ஒரு பூச்சு. அதே மாதிரி கதவுச் சட்டம் மூலையில சேர்ற இடத்துல நெடுக்க ஓடுற ரேகை சட்டுனு நின்னு, குறுக்குச் சட்டத்துல ரேகை படுத்து ஓடணும். அந்த இடத்துல நிறைய பேரு ஒரே இழுப்பா இழுத்துடறாங்க.

பிரஷ்காரன்_காரைக்குடி:
மூலையில நான் மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் இழுப்பேன். உனக்கு என்ன தெரியும்.

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
முனையெல்லாம் அப்புறம். இழைப்புளி போட்டா தேக்குச் சுருள்ல ஒரு வாசனை வரும், பழைய தோல் பை மாதிரி, கையில எண்ணெய்ப் பசை ஒட்டும். எங்கப்பா கண்ணு தெரியாம போன பிறகும் சுருளை மோந்து பார்த்து "இது வைரம், இது வெள்ளை"ன்னு, அதாவது நடுமரம் எது வெளிமரம் எதுன்னு, பிரிச்சுச் சொல்லுவாரு. அவரு முன்னால உங்க மேசையை வச்சிருந்தா தொடுறதுக்கு முன்னாடியே எழுந்து போயிருப்பாரு. கண்ணு இல்லாத மனுசனாலயே முடியும், எந்த ஆசாரியாலயும் முடியாதுன்னு எழுதிட்டீங்களே. அந்த வரிய எடுங்க.

பிரஷ்காரன்_காரைக்குடி:
எடுக்க மாட்டேன். வார்னிஷுக்கு மேல எந்த வாசனை வரும்? உங்க தேக்கையும் பாலிஷ் போட்டுத்தானே விக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை காரைக்குடி வாங்க, ரெண்டு மேசையிலயும் துணி போட்டு முனையை மட்டும் மறைச்சு வைக்கிறேன்.

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
முனையை ஏன் மறைக்கணும்?

பிரஷ்காரன்_காரைக்குடி:
ரேகையப் பத்திதானே பேச்சு?

உளிச்சத்தம் (கானாடுகாத்தான்):
கண்ணைப் பத்திப் பேச்சு. நாலடியில அஞ்சு. நான் ஞாயித்துக்கிழமை வரேன், ரம்பமும் கொண்டாரேன்.

வளவு வீட்டு ஆச்சி:
வர்றவங்க அப்படியே என் பெட்டியையும் பாத்துட்டுப் போங்க. அடி இன்னும் கொஞ்சம் உரிஞ்சிருச்சு.

பிரஷ்காரன்_காரைக்குடி:
ரம்பம் எதுக்கு அண்ணே? மேசைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். அப்புறம், தேக்குல கண்ணு உண்டு.