6 லட்சத்துக்குள் பழைய ஃபோர் வீல் பிக்கப்: கொல்லை வேலைக்கும் டிரெய்லர் இழுக்கவும் எது தேறும்?

ஒடுகத்தூர்_மாந்தோப்பு:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆறு ஏக்கர். பாதி மா, மீதி மணிலாவும் (நிலக்கடலை) கொள்ளும். தார் ரோட்டிலிருந்து கொல்லைக்கு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண பிக்கப் அந்த ஓடை ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் தேடுறேன்.

வேலை: எரு, உர மூட்டை, சீசனில் மாங்காய் கிரேட். கோடையில் இளங்கன்றுகளுக்கு 1000 லிட்டர் டேங்க் வைத்த டிரெய்லர் இழுக்கணும். பட்ஜெட் 6 லட்சம், அதில் வாங்கினதும் செய்கிற வேலையும் அடக்கம். மனசில் இருப்பவை: பொலேரோ கேம்பர் ஃபோர் வீல், ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான், பழைய மஹிந்திரா தார் ஜீப் (சி.ஆர்.டி.இ. டீசல்). வீட்டில் பழைய டிராக்டர் டிப்பர் ஒன்று சும்மா கிடக்கு, அதையும் இதில் மாட்டி இழுக்கலாமா? லைசென்ஸ் எல்.எம்.வி. (இலகு ரக வாகனம்) மட்டும்தான்.

கிரவுன்_பினியன்:

முதலில் கடைசிக் கேள்வி. டிராக்டர் டிப்பரைப் பிக்கப்பில் மாட்டாதீங்க தம்பி. அது காலியாகவே ஒரு டன்னுக்கு மேல் வரும், பெரும்பாலும் பிரேக் கிடையாது, கொக்கி உயரமும் ஒத்து வராது. இழுத்துடும், அதில் சந்தேகமில்லை. ஓடை இறக்கத்தில் யார் நிறுத்துவது? ஃபோர் வீல் போட்டாலும் பிரேக் அதே நாலு சக்கரத்து பிரேக்தான்.

பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், ஏற்றின பாரத்தோடு சேர்த்து இழுக்கிற வண்டியின் காலி எடையில் பாதிக்குள் இருக்கட்டும். கேம்பர் ஃபோர் வீல் காலியாக ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். அப்படியென்றால் டிரெய்லர் 850 கிலோவைத் தாண்டக்கூடாது. உங்க 1000 லிட்டர் தண்ணி மட்டுமே ஒரு டன், ஃபிரேமும் ஆக்சிலும் இன்னொரு 250, 300 கிலோ. கணக்கு இடிக்குது. பாதி நிரப்பினால் சரியாகும் என்று நினைக்காதீங்க. அரை டேங்க் தண்ணி முன்னும் பின்னும் அடிக்கும்போது வண்டியைத் தள்ளும்.

இதைவிட நல்ல வழி, டேங்கைப் பிக்கப்பின் பின்னால் சரக்கு ஏற்றுற தொட்டியிலேயே வைப்பது. ஆர்.சி.யில் லேடன் வெயிட்டிலிருந்து (பாரத்தோடு மொத்த எடை) அன்லேடன் வெயிட்டை (காலி எடை) கழிங்க, அதுதான் ஆளும் சரக்கும் சேர்த்து வண்டி தாங்குற எடை. அது ஒரு டன் வந்தால் இரண்டு ஆள் போக 750 லிட்டர் டேங்க் தாராளமாக உட்காரும். டேங்கைக் கேபினை ஒட்டி வைத்து ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்க. எடை பின் சக்கரத்தின் மேல் விழுவதால் ஓடையில் பிடிப்பும் கூடும். டிரெய்லரைப் பின்னாலேயே திருப்பி எடுக்கிற தலைவலியும் இல்லை.

வண்டிகளுக்கு வருவோம். உங்க வேலைக்கு என் முதல் ஓட்டு கேம்பர். எஞ்சின் 2523 சி.சி., அறுபது எழுபது குதிரைத்திறன்தான், வேலூர் பைபாஸில் பறக்காது. ஆனால் பாரத்துக்குப் போட்ட பட்டை ஸ்பிரிங், அணைக்கட்டு, குடியாத்தம் வரை எந்த ஷெட்டிலும் கை வைக்கத் தெரிந்த ஆள், எல்லா ஊரிலும் பாகம். ஃபோர் வீலும் லிவரில் விழுவது, ஒயர் கோளாறு கிடையாது.

கெட்அவே வசதியான வண்டி. எம்ஹாக் 2.2 எஞ்சின் வந்ததுக்கு அப்புறம் உள்ளதைப் பாருங்க, எஞ்சின் பாகம் ஸ்கார்பியோவோடது. ஜெனானும் அப்படித்தான், 2.2 டைகோர் எஞ்சின் சஃபாரியில் வந்தது. 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். இழுவைக்கு மூன்றிலும் இதுதான் பலம். ஆனால் பாடி, கண்ணாடி, விளக்கு என்று போனால் சென்னை புதுப்பேட்டை வரை அலையணும். இந்த இரண்டிலும் ஃபோர் வீல் சுவிட்சில் விழுவது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) மேல் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் சுவிட்சைத் தொடாமல் விட்டால் அது இறுகிவிடும்.

தார் ஜீப் மண்ணில் ராஜா, பாரத்துக்குத் தொட்டி இல்லை. மாங்காய் கிரேட் எங்கே அடுக்குவீங்க? ஜிப்ஸி இன்னும் மோசம், வண்டியே ஒரு டன்தான், அது எதை இழுக்கும்? இசுசு வி-கிராஸ் நல்ல வண்டி, உங்க பட்ஜெட்டில் நல்லது வராது. வந்தாலும் 5.3 மீட்டர் நீளம், வரப்போரம் திருப்ப முடியாது.

ஆரணி_டீசல்:

நான் ஒத்துக்கலை. வருஷத்தில் இரண்டு மாசச் சேற்றுக்காக ஃபோர் வீல் வாங்கிப் பத்து மாசம் டயரும் டீசலும் கொட்டணுமா? பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல் பிக்-அப் நல்லதாகவே உங்க பட்ஜெட்டில் வரும். பின்னால் கட்டை வைத்த மட் டயர் இரண்டு, காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு, தொட்டியில் 200 கிலோ மண் மூட்டை. பாதி ஓடை அதிலேயே ஏறிடும். மீதிக்கு ஊர் டிராக்டரைக் கூப்பிடு.

கிரவுன்_பினியன்:

மேட்டு நிலத்துக்கு நீங்க சொல்றது சரி சார். ஓடையில் அடியில் கல்லும் மேலே வழுக்கலும், அதோட ஏற்றம். பின் சக்கரம் ஒன்று தொங்கினால் லாக் இல்லாத திறந்த கிரவுனில் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல்) எல்லா சக்தியும் அந்தத் தொங்குற சக்கரத்துக்கே போகும், மட் டயர் என்ன செய்யும்? ஃபோர் வீலில் இருக்கிற 4-லோ வேற விஷயம். சுமார் இரண்டரை மடங்கு குறைந்த கியர். கிளட்ச்சை அரைக்காமல் ஊர்ந்து ஏறலாம், இறக்கத்தில் எஞ்சினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் கால் வைக்காமல் இறங்கலாம்.

காற்று இறக்குற யோசனை நல்லதுதான், ஆனால் 750 லிட்டர் தண்ணி வைத்த வண்டியில் வேண்டாம், டயர் பக்கவாட்டில் கிழியும். காலி வண்டிக்கு மட்டும் செய்யுங்க, தார் ரோட்டில் ஏறுமுன் காற்றைத் திரும்ப ஏற்றணும்.

இனி வண்டி பார்க்கும் முறை. இதில்தான் காசு போகுது.

ஃபோர் வீல் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பாதீங்க, எந்த ஸ்டிக்கர் கடையிலும் கிடைக்கும். குனிந்து பாருங்க: டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கா? முன்னால் சத்தம் வருதுன்னு ஷாஃப்டையே கழற்றிப் பரணில் போட்ட வண்டி நிறைய சுற்றுது.

ஷாஃப்ட் இருந்தால், கப்பி மண் தரையில் 4-ஹை (ஃபோர் வீலில் சாதாரண வேகத்துக்கானது) போட்டு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஐந்தாறு மீட்டர் மெதுவாக ஓட்டுங்க. வண்டி இழுத்துப் பிடித்து முக்கணும். முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் வேறு வேறு தூரம் ஓடுது, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அது முறுக்காக நிற்கும். முக்கினால் ஃபோர் வீல் விழுந்திருக்கு. எதுவும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் விழவில்லை. தார் ரோட்டில் இதைச் செய்து பார்க்காதீங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே இருக்கிற செயினும் கியரும் அடி வாங்கும்.

அடுத்து நிறுத்தி நியூட்ரலில் 4-லோ. முதல் கியரில் முன்னே, ரிவர்ஸில் பின்னே, லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்க. ‘கடக் கடக்’ என்று தாவுற சத்தம் வந்தால் செயின் தளர்ந்திருக்கு. ஒரே ஒரு ‘டக்’ என்றால் யு.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள மூட்டு) தேய்மானம், அது சின்ன செலவு.

டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன், கியர் பாக்ஸ், நாலிலும் ஃபில்லர் நட்டைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணி போயிருக்கு. ஓடை கடக்கும் வண்டிக்கு இது பெரிய நோய். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணியில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் (ஹவுசிங் மேல் காற்று போய் வருகிற சின்னக் குழாய்) அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணியை உறிஞ்சும். வாங்கினதும் பிரீதர் ஓஸை நீட்டி எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிக் கட்டிடுங்க. மலிவான வேலை.

சேஸில் பாரம் ஏற்றின கதை தெரியும். பின் பட்டையின் முன் பிராக்கெட் பக்கம் வெடிப்பு, புதுப் பெயின்ட், வெல்டிங் தடம். கம்பெனி கொடுத்ததுக்கு மேல் பட்டை சேர்த்திருந்தால் அது கல், மணல், கரும்பு என்று ஓடின வண்டி. கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள சந்து இடம் வலம் ஒரே அளவா என்று பாருங்க, மேலே அகலம் கீழே குறுகல் என்றால் சேஸ் வளைஞ்சிருக்கு. கொக்கி பின் கிராஸ் மெம்பரில் மட்டும் வெல்டு அடித்திருந்தால் அதில் இழுக்கக்கூடாது. இரண்டு பக்க சேஸ் சட்டத்துக்கும் பிளேட் கொடுத்து 8.8 கிரேடு போல்ட் போட்டது வேணும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாங்க. ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்து வைங்க. லேசாக ஆடினால் பரவாயில்லை. குதித்து விழுந்து புகையும் கொட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கு. நீலப் புகை ஆயில் எரிவது, கறுப்பு என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ். கிளட்ச்சுக்கு: ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் மெதுவாக விடுங்க, எஞ்சின் அணையணும். அணையாமல் ஓடினால் கிளட்ச் தட்டு போச்சு.

இவற்றில் பெரும்பாலும் காமன் ரெயில் (அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சுற முறை). கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணி சேர்ந்திருந்தால் பம்பும் இன்ஜெக்டரும் ஒரே நாளில் போகும், செலவு தாங்காது. ஃபில்டரில் தண்ணி வடிக்கும் திருகு இருக்கும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து விடுங்க.

வாலாஜா_பேப்பர்:

வண்டி விஷயம் அவர் சொல்லிட்டார், நான் காகிதம்.

எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். மொத்த எடை 7500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை, ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பாருங்க.

மஞ்சள் போர்டுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். வெள்ளை போர்டு 15 வருஷம் வரை தொல்லை இல்லை, அதற்கு மேல் புதுப்பிக்கணும், பசுமை வரியும் வரும். ஆனால் வெள்ளை போர்டில் பக்கத்துக் கழனிக்காரர் சரக்கை வாடகைக்கு ஏற்றி விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கை விரிக்கும். டிரெய்லரும் சட்டப்படி தனி வண்டி, அதற்கும் ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் வேணும்.

எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ், கடன் இருக்கா என்று பாருங்க. கடன் காட்டினால் பேங்க் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் விற்கிறவர் கையில் இருக்கணும். பெயர் மாற்ற படிவம் 29-ம் 30-ம். சித்தூர் பக்கத்து ஆந்திர வண்டி, டெல்லியில் பத்து வருஷ டீசல் தடையால் தள்ளிவிட்ட வண்டி இரண்டும் மலிவாகத் தெரியும். படிவம் 28 என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி இரண்டையும் சேர்த்துப் பாருங்க, மலிவு கரைந்துடும். என்.ஓ.சி. கையில் வராமல் முன்பணம் வேண்டாம்.

ஒடுகத்தூர்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் நன்றி. டேங்க் தொட்டியில்தான், டிப்பர் கொட்டகையிலேயே கிடக்கட்டும். பள்ளிகொண்டா பக்கம் 2015 கேம்பர் ஃபோர் வீல் ஒன்று பார்த்தேன், மஞ்சள் போர்டு. முன் டயர் புதுசு, பின்னால் தேய்ந்தது, அளவும் வேற. ஃபோர் வீல் லிவர் உள்ளே போகுது, வெளியே வர மாட்டேங்குது. ‘ஓட ஓட சரியாகிடும்’ என்கிறார்.

கிரவுன்_பினியன்:

டயர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுற்றளவு வேறானால் நேர் ரோட்டில் போனாலும் முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கு ஏறும், அந்த அழுத்தத்தில் கியர் விடாது. ஓட ஓட முறுக்கு கூடத்தான் செய்யும். நேராக இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டே லிவரை இழுங்க. வந்துட்டால் முறுக்குதான். வரலைன்னா அடியில் லிங்கேஜில் (லிவரை இணைக்கிற கம்பிகள்) துரு, சேறு. கழுவி ஆயில் விட்டு ஆட்டிப் பாருங்க. அதற்கும் அசையலைன்னா உள்ளே கியரைத் தள்ளுற ஷிஃப்ட் ஃபோர்க் கோளாறு, டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கணும். அந்த வண்டியை விட்டுடுங்க, அல்லது இறக்கிப் பார்த்தபிறகு விலை பேசுங்க.

வெறும் முறுக்கு என்றாலும் நாலு டயர் விலையைக் கேட்ட விலையில் கழிச்சுத்தான் பேசணும். நாலும் ஒரே அளவு, ஒரே மாடல், தேய்மானத்தில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-இல் 35-ஆவது வாரம் செய்தது. அந்த மாதிரி பழசைக் கட்டை இருக்கே என்று புதுசு விலைக்கு எடுக்காதீங்க.

வாங்கினதும் நாலு ஆயிலும் மாற்றி, யு.ஜே. கிராஸ் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிச்சுடுங்க. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என்ன ஆயில் என்று வண்டி கையேட்டில் பார்த்து ஊற்றுங்க. செயின் கேஸில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுற ஆயில்) கேட்கும், அதில் 90 கியர் ஆயில் ஊற்றினால் கெடும். மழை இல்லாத மாசத்திலும் ஒருமுறை மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் 4-ஹை, கொஞ்ச தூரம் 4-லோ போட்டு ஓட்டுங்க. மாசக்கணக்கில் போடாமல் விட்டால் முன் கிரவுன் சீல் காய்ந்து, ஐப்பசியில் முதல் ஓடைத் தண்ணியே உள்ளே போயிடும்.