மேனேஜர் சாருக்கு வளைவு வேண்டாம்

நம் ஊர்ச் சங்கத்து சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பேங்க் மேனேஜர் சார் தவறிய செய்தி வந்தபோது நான் இங்கே சிங்கப்பூரில் இரவு வேலையில் இருந்தேன். துபாய் அண்ணன் போட்ட ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "காலைல காப்பி குடிச்சுட்டுத் திண்ணையில உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றார். எண்பதைத் தாண்டியவருக்கு அது நல்ல சாவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வர எனக்கு லீவு கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எல்லையில் அவர் பெயரில் ஒரு வளைவு கட்டலாம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அவரை மாலை நேரத்தில் வாய்க்கால் கரையில் குடையோடு நடக்கும் தாத்தாவாகத்தான் தெரியும். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியபோது அவர் கிளார்க். பேங்க்குக்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டவர்கள் நம் தாத்தாக்கள். எண்பதுகளில் அவர் மன்னார்குடிக் கிளைக்கு மேனேஜராக வந்தார். அந்தக் காலத்தில் 4 சதவீத வட்டியில் ஏழைகளுக்கு ஒரு கடன் உண்டு. 1972-இல் வந்த திட்டம். அதில் 40 சதவீதம் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் போக வேண்டும் என்பது விதி. விதி இருந்தது, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சார் கண்டுபிடித்தார். அப்போதெல்லாம் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காலனித் தெருவில் ஒருவருக்கும் கணக்கில்லை. கையெழுத்துக்காக மிராசுதார் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவர் எதற்குப் போடுவார்? இவன் மாடு வாங்கிவிட்டால் நாளைக்கு நடவுக்கு யார் வருவது?

சார் கிளை ஊழியர் ஒருவரையே முதல் கணக்குக்குக் கையெழுத்துப் போட வைத்தார். அந்தக் கணக்கு கொஞ்சம் பழகியதும் கணக்குக்காரர் அடுத்த வீட்டுக்காரருக்குப் போட்டார், அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே தெரு முழுக்கப் பாஸ்புக் வந்துவிட்டது. சார் சத்தம் போடவுமில்லை, மேடை ஏறவுமில்லை. இதற்காக எங்கள் வடக்குத் தெருவில் சில வீட்டுக் கல்யாணங்களுக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இப்போது வளைவுக்கு முதல் ஆளாகப் பணம் தருகிறேன் என்று எழுதியிருப்பதும் அந்த வீடுகளில் ஒன்றுதான். சரி, காலம் மாறியிருக்கிறது, நல்லதுதான்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். அத்தை கல்யாணத்துக்காக அப்பா அவரிடம் பம்புசெட் கடன் கேட்டுப் போனார். சார் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மோட்டாருக்கு இல்ல, கல்யாணத்துக்கு. நகையைக் கொண்டாங்க, இன்னைக்கே தரேன். மோட்டார்னு எழுதிட்டு வேண்டாம்" என்றாராம். தாலிக்கொடியைத் தவிர வீட்டில் வைக்க நகை இருந்தால் அப்பா ஏன் அங்கே போகிறார்? டவுனில் மூன்று வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது, அதை அடைக்க நாங்கள் இரண்டு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நிலத்தை விற்றோம். அப்பா எட்டு வருஷம் அவரோடு பேசவில்லை. சார் அன்றைக்குக் கொஞ்சம் வளைந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். குறையைச் சேர்த்துச் சொன்னால்தான் அது அவர்.

1990-இல் பத்தாயிரம் ரூபாய் வரை விவசாயக் கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்தார்கள். பாக்கி வைத்தவனுக்குத்தான் தள்ளுபடி. அப்பா தாலிக்கொடியை அடகு வைத்துக்கூடத் தவணை தவறாமல் கட்டியவர், அவருக்கு ஒன்றுமில்லை. எட்டு வருஷ மௌனத்தைக் கலைத்தது அந்தக் கோபம்தான். பேங்க்குக்கே போய், "ஒழுங்காக் கட்டுனவன் என்ன இளிச்சவாயனா?" என்று கத்தினார். "ஆமாண்ணே, இந்தத் தடவை அப்படித்தான்" என்று சொல்லி சார் டீ வாங்கிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் இரண்டு பேரும் கடைசி வரை சிநேகிதம்.

ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தவர் கையில் எடுத்தது வாய்க்கால். ஆற்றையும் பெரிய வாய்க்கால்களையும் அரசாங்கம் தூர்வாரும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்னச் சின்ன சி, டி வாய்க்கால்களைக் கவனிக்க ஆளில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு தாண்டிப் பாமணியாற்றில் வந்தாலும், நம் கடைமடைக்கு ஏறுவது அந்தச் சின்ன வாய்க்கால் கையில்தான் இருக்கிறது. ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, பொக்லைன் வைத்து, வழக்கமாக மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் வேலையை முடிப்பார். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டபோது இவர் மட்டும் பாதி வெட்டிய வாய்க்காலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற போட்டோ நம் குழுவிலேயே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றே நாளில் முடித்தார்.

வசூல், டீசல், டிரைவர் பேட்டா, டீ, வடை எல்லாம் நீள நோட்டில் ஏறும். வேலை முடிந்த மறுநாள் நகல் பிள்ளையார் கோயில் சுவரில் இருக்கும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாம் அனுப்பிய பணத்துக்கும் அப்படித்தான். எந்த வீட்டுக்கு எத்தனை தார்ப்பாய், யாருக்கு மெழுகுவர்த்தி என்று கரண்ட் இல்லாமல் அரிக்கேன் விளக்கில் எழுதி ஒட்டினார். தன் வீட்டில் விழுந்த தென்னைகளை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சப் பணத்தை நமக்கே திருப்பி அனுப்பினார். அதைச் சங்கத்தில் எந்தக் கணக்கில் வைத்தோம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

சிமெண்ட் வளைவு கட்டினால் கட்சிக்காரர்கள் தட்டி கட்டத்தான் உதவும். அந்தப் பணத்தைத் தொகையாக பேங்க்கில் போட்டு, வருஷா வருஷம் வைகாசியில் வட்டியை மட்டும் எடுத்து சி, டி வாய்க்கால் வெட்டக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. சார் கணக்கு எழுதிய மூன்று நோட்டுகளும் பத்திரமாக இருப்பதாக அவர் மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நாலாவது நோட்டை எழுதப்போவது யார் என்று ஊரில் இருப்பவர்கள் பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்கே என் பங்கை அனுப்பிவிடுகிறேன்.

வடக்குத் தெருக்காரன்,
சிங்கப்பூரிலிருந்து