புதுப்பிப்பு: டர்போ போகவில்லை, தப்பித்தேன்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் என் 2006 டர்போ காரில் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.5 பாரைத் தாண்டவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' சத்தம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். டர்போவை மாற்றச் சொன்னவர்களே அதிகம். சரி, அவசரப்படாமல் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

கசிவு இருக்கிறதா என்று குழாய்களில் புகை விட்டுப் பார்த்ததில், இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில் கிளாம்ப்புக்கு அடியில் வெடிப்பு. அதை மாற்றியும் பூஸ்ட் மெதுவாகத்தான் ஏறியது. “சத்தம் சூடானதும் குறையுதா தம்பி?” என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். குறைகிறதுதான்! எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) விரிசல். சூட்டில் இரும்பு விரிந்து அதை ஓரளவு அடைத்துவிடுகிறது. டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய எஞ்சின் புகை அதற்கு முன்பே விரிசல் வழியாக வெளியேறியிருக்கிறது.

விரிசலை வெல்டிங் செய்து பார்த்தும் ஒட்டவில்லை, பழைய வார்ப்பிரும்பு. வேறு மேனிஃபோல்டு போட்டதும் பூஸ்ட் 0.9 பார் வரை ஏறியது.