அஞ்சாவது பிக்கில லெஃப்ட் டாக்கிளை எடுக்கிறதா, ரிசீவரை எடுக்கிறதா?

கொக்குவில் கடைக்காரன்:

வணக்கம் அண்ணைமார். சனிக்கிழமைக்கு முதல் ஒரு முடிவு எடுக்க வேணும். ரெண்டு நாளா நித்திரை வருதில்லை.

சொந்தக்காரப் பெடியளும் சினேகிதருமாப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மேடன் எண்ட அமெரிக்கன் ஃபுட்போல் வீடியோ கேமில ஒரு பிரான்சைஸ் லீக் நடத்திறம். அஞ்சு பேர் யாழ்ப்பாணம், மிச்சப்பேர் ஸ்காபரோவும் லண்டனும். என்ர ரீம் சிக்காகோ பெயர்ஸ். புது ஆக்களை முறை வைச்சு எடுக்கிற டிராஃப்ட் சனி இரவு ஏழரைக்கு, ரொறன்ரோக்காரருக்கு அது காலமை பத்து மணி. ஏழு றவுண்ட். முதல் றவுண்டில எனக்கு அஞ்சாவது பிக்.

போன சீசன் பந்து எறியிற என்ர குவார்ட்டர்பாக் 54 தரம் சாக் வாங்கினவன், அதாவது எறிய முதலே எதிராளியள் பிடிச்சு விழுத்தினவை. என்ர முறை வரேக்க ரெண்டு பேர் மிஞ்சுவினம் எண்டு நினைக்கிறன். ஒருத்தன் எறிஞ்ச பந்தை ஓடிப் பிடிக்கிற வைட் ரிசீவர், நல்ல வேகம், கையில பட்ட பந்தை விடான். மற்றவன் லெஃப்ட் டாக்கிள், குவார்ட்டர்பாக்குக்கு முன்னால மறிச்சு நிக்கிற லைனில இடப்பக்கத்து ஆள், நீளக் கை, கால் வேலை சுத்தம்.

லண்டன் மச்சான் சொல்லுறான், "முதல் றவுண்டில லைன்மனை எடுக்கிறது கார் வாங்கப் போனவன் டயரோட வீட்டை வாற மாதிரி. லைன் நாலாம் றவுண்டிலயும் கிடைக்கும்" எண்டு.

எனக்கு மனம் ஒப்பேல்லை. 2021 பெப்ரவரி 8, திங்கட்கிழமை விடியப்புறம் அஞ்சு மணி. கடை திறக்க முதல் அமெரிக்க லீக்கின்ர இறுதி ஆட்டமான சூப்பர் போல் பாப்பம் எண்டு போனை அரிசி மூட்டையில சாத்தி வைச்சுக்கொண்டு குந்தி இருந்தனான். கன்சாஸ் சிட்டிக்கு ரெண்டு டாக்கிளும் இல்லை. எரிக் ஃபிஷருக்குக் குதிக்கால் நரம்பு, மிச்சல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகு. அவையின்ர குவார்ட்டர்பாக் மஹோம்ஸ் எறியிறதுக்கு முதல் ஓடி ஓடியே களைச்சுப்போனார். கடைசிக் குவார்ட்டரில ஒருக்கா ஆள் நிலத்துக்குச் சமாந்தரமா விழுந்துகொண்டிருக்கேக்க, நெஞ்சு புல்லில முட்ட முதலே கையைச் சுழட்டி எறிஞ்சார். பந்து, பிடிச்சால் புள்ளி கிடைக்கிற எண்ட் சோனுக்குள்ள நிண்ட அவற்ர ரீம்காரன் டரல் வில்லியம்ஸின்ர முகக்கவசத்தில பட்டுக் கீழ விழுந்தது. அப்பிடி ஒரு எறியை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. அதுக்கு ஒரு புள்ளியும் வரேல்லை. 31–9 எண்டு டாம்பா பே வெண்டது.

அந்த விழுகை இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுதான் கேக்கிறன், லைன்மனை எப்ப எடுக்கிறது? முதல் றவுண்டிலயோ, பிறகோ?

ஸ்காபரோ மாமா:

தம்பி, டாக்கிளை எடும். ஆனால் உம்மட மச்சான் சொல்லுறதில பாதி சரி.

லைன் எண்டால் அஞ்சு பேர். வெளிப்பக்கம் ரெண்டு டாக்கிள், உள்ளுக்கு ரெண்டு கார்ட், நடுவில சென்டர். அஞ்சு பேரையும் ஒரே தராசில நிறுக்கக் கூடாது. உள்ளுக்கு நிக்கிற மூண்டு பேரும் பிந்தியும் கிடைப்பினம், அதிலதான் மச்சான் சரி. ஜேசன் கெல்சி எண்ட சென்டர் 2011 இல ஆறாம் றவுண்ட், 191 ஆவது ஆள். நீர் அரிசி மூட்டையில சாத்தி வைச்சுப் பாத்த அந்தத் தோல்விக்குப் பிறகு, அதே 2021 டிராஃப்டில கன்சாஸ் சிட்டி சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியை 63 ஆவதாவும் கார்ட் ட்ரே ஸ்மித்தை 226 ஆவதாவும் எடுத்தது. ரெண்டு வருசத்தில திரும்பச் சூப்பர் போல். எதிரில ஃபிலடெல்ஃபியா, அந்த சீசனில 70 சாக் எடுத்த ரீம். அண்டைக்கு மஹோம்ஸை ஒருக்காக்கூட விழுத்த அவையால ஏலேல்லை. 38–35. உள் லைனைக் காசு குடுத்தும் வாங்கலாம். உம்மட பெயர்ஸே 2025 இல ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் எண்டு மூண்டு பேரையும் வேற ரீமுகளில இருந்துதான் கொண்டு வந்தது.

டாக்கிள் அப்பிடியில்லை. ஆறரை அடி உயரம், 140 கிலோ, அந்த உடம்போட பக்கவாட்டில வழுக்கிப் போற கால். அப்பிடிப் பிறக்கிறவை கொஞ்சப்பேர்தான். நல்ல டாக்கிளை வைச்சிருக்கிற ரீம் லேசில விடாது. சந்தைக்கு வந்தாலும் விலை தாங்கேலாது. ட்ரென்ட் வில்லியம்ஸ் 2021 இல ஆறு வருசத்துக்கு 138 மில்லியன் டொலருக்குக் கையெழுத்துப் போட்டவர். டிராஃப்டில எடுத்தால் நாலு வருசத்துக்கு நிர்ணயிச்ச சம்பளம். முதல் றவுண்ட் ஆள் எண்டால் அஞ்சாம் வருசமும் வைச்சிருக்க ரீமுக்கு உரிமை இருக்கு.

இனி எந்த டாக்கிள் எண்ட கதை. நான் இணுவிலில கிளித்தட்டு மறிச்சு வளந்தவன். குறுக்குக் கோட்டில நிக்கிறவன் ஓடி வாறவன்ர கண்ணைப் பாத்தால் ஏமாறுவான், தோளைப் பாத்தாலும் ஏமாறுவான். இடுப்பைத்தான் பாக்க வேணும், இடுப்பு பொய் சொல்லாது. கால் ரெண்டும் ஒண்டோட ஒண்டு பின்னினால் அந்த நொடியில அவன் தாண்டிப் போயிடுவான். லெஃப்ட் டாக்கிள்ர வேலையும் அச்சொட்டா அதுதான். வெளிக்கால் பின்னுக்கு உதைச்சுப் போகும், உள்கால் நிலத்தை உரசிக்கொண்டு இழுபட்டு வரும், குதி ரெண்டும் ஒருக்காலும் முட்டாது. கை நெஞ்சுக்கு நேர காத்திருக்கும். பிடிச்சு இழுத்தால் பத்து யார் தூரம் தண்டம். நீர் அந்தப் பெடியன்ர விவரத்தில காலைப் பாரும், எத்தினை கிலோ தூக்கிறான் எண்டதைப் பிறகு பாரும். 1989 இல கிரீன் பே டோனி மாண்டரிச் எண்ட டாக்கிளின்ர உடம்பையும் பலத்தையும் பாத்து ரெண்டாவதா எடுத்தது. அடுத்த மூண்டு பிக்கும் பாரி சாண்டர்ஸ், டெரிக் தொமஸ், டியோன் சாண்டர்ஸ். மூண்டு பேரும் பேர்பெற்ற ஆக்களுக்கான ஹோல் ஒஃப் ஃபேமில. மாண்டரிச் கிரீன் பேயில நிலைக்கேல்லை.

வதிரிப் பெடியன்:

மாமா, அப்ப ஜோ தொமஸுக்கு என்ன சொல்லுறியள்? 2007 இல கிளீவ்லாண்ட் மூண்டாவதா எடுத்த லெஃப்ட் டாக்கிள். தொடர்ச்சியா 10,363 ஸ்நாப், அதாவது பந்து ஆட்டத்துக்கு வாற தரம், ஒண்டுகூட விடாமல் நிண்டவர். அந்த மனிசன் சீசன் முடிவில வாற பிளேஓஃப் எண்ட நொக்கவுட் ஆட்டம் ஒண்டுகூடக் காணாமல்தான் ஓய்வெடுத்தவர். முன்னுக்கு மலை மாதிரி நிண்டு என்ன, பின்னுக்கு எறிய ஆளில்லை.

தம்பியின்ர நிலைமை 2021 சின்சினாட்டி மாதிரி, அதே அஞ்சாவது பிக். பெனே சூவெல் எண்ட டாக்கிளை விட்டிட்டு ஜமார் சேஸ் எண்ட ரிசீவரை எடுத்தவை. அந்த சீசனே சூப்பர் போலுக்குப் போனவை. ரிசீவரை எடும்.

கொக்குவில் கடைக்காரன்:

அண்ணை, அந்தச் சின்சினாட்டிக் கதையைக் கடைசிமட்டும் சொல்லுங்கோ. அந்த சீசன் அவையின்ர குவார்ட்டர்பாக் ஜோ பரோ 51 தரம் விழுந்தவர். பிளேஓஃபில டென்னசியோட 9 தரம். சூப்பர் போலில 7. கடைசி நேரம், நாலாவது டவுன் எண்ட கடைசி முயற்சி, ஒரு யார் தூரம்தான் வேணும். எதிர் ரீம் ஆரன் டொனால்ட் உள்ளுக்கால வந்து பரோவைப் பிடிச்சுச் சுழட்டினார். சேஸ் அந்த நேரம் தன்னை மறிச்ச ராம்சியைத் தாண்டி வெட்டையா ஓடிக்கொண்டிருந்தவர். பந்து அவரிட்டைப் போகேல்லை. 23–20, தோல்வி.

சேஸ் கெட்டிக்காரன் எண்டதில எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கெட்டித்தனத்துக்குப் பந்து போய்ச் சேர ரெண்டு செக்கன் கூட வேணும்.

மருதனார்மடம் ரீச்சர்:

உங்கட குவார்ட்டர்பாக் எந்தக் கை? வலக்கை எண்டால் எறியத் திரும்பேக்க இடப்பக்கம் கண்ணில படாது, அதாலதான் லெஃப்ட் டாக்கிளுக்கு அவ்வளவு மதிப்பு. டுவா எண்ட குவார்ட்டர்பாக் மாதிரி இடக்கைக்காரன் எண்டால் முதுகுப்பக்கம் ரைட் டாக்கிள்தான். அதைப் பாக்காமல் எடுக்காதையுங்கோ.

கொக்குவில் கடைக்காரன்:

வலக்கைதான் ரீச்சர். கேட்டதுக்கு நன்றி, வலப்பக்கம் நிக்கிற டாக்கிளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஸ்காபரோ மாமா:

வதிரிப் பெடியன் ஜோ தொமஸ் எண்டு சொன்னது நியாயம். தனி ஒருத்தனால ரீம் நிமிராது. ஹூஸ்டன் 2002 இல புதுசா வந்த ரீம். மற்ற ரீமுகளிட்ட ஆள் எடுக்கேக்க முதல் ஆளா எடுத்ததே டோனி பொசெல்லி எண்ட லெஃப்ட் டாக்கிள். நல்ல யோசனை. ஆனால் அவருக்குத் தோள் சரியில்லை, ஹூஸ்டனுக்கு ஒரு ஆட்டமும் விளையாடேல்லை. அவருக்குப் பதிலா நிக்கத் தரமான ஆள் இல்லை. முதல் பிக்கில வந்த குவார்ட்டர்பாக் டேவிட் கார் அந்த ஒரே சீசனில 76 தரம் சாக் வாங்கினவர், இண்டைவரைக்கும் அதுதான் சாதனை. அந்தப் பெடியனை நினைச்சால் இப்பவும் வயித்தெரிச்சல்.

அதால அஞ்சாவதில டாக்கிளை எடுத்திட்டு நிக்காதையும். மூண்டாம் றவுண்டிலயோ நாலாம் றவுண்டிலயோ உள்ளுக்கு ஒருத்தன் கட்டாயம்.

இன்னொண்டு. இந்த டிராஃப்டில எத்தினை நல்ல டாக்கிள் இருக்கினம் எண்டு எண்ணிப் பாரும். 2020 இல ஆண்ட்ரூ தொமஸ் 4, ஜெட்ரிக் வில்ஸ் 10, மெக்கை பெக்டன் 11, பிறகுதான் 13 இல ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ். டாக்கிளுகளில நாலாவதாப் போன வர்ஃப்ஸ், அந்த முதல் சீசனிலயே டாம்பா பேயோட சூப்பர் போல் மோதிரம் போட்டவர். உம்மட மஹோம்ஸ் ஓடித் திரிஞ்ச அதே ஆட்டத்தில எதிர் ரீமில நிண்டவர் அவர்தான். ஒரே தரத்தில மூண்டு நாலு பேர் இருந்தால் உம்மட அஞ்சாவது பிக்கை மாத்திக் குடுத்துப் பின்னுக்குப் போய் மேலதிகமா ஒரு பிக் வாங்கும். ஒருத்தன்தான் எண்டால் யோசிக்காதையும்.

கொக்குவில் கடைக்காரன்:

எண்ணினனான் மாமா. இவன் ஒருத்தன்தான், அடுத்தவனுக்கும் இவனுக்கும் கன தூரம்.

*(ஞாயிறு காலமை)* எடுத்திட்டன். பேரைச் சொன்ன உடனை லண்டன் மச்சான் மைக்கில "டயர், டயர்" எண்டு கத்தினவன். ரிசீவர் ஏழாவதாப் போனான், அவனிட்டைத்தான். மூண்டாம் றவுண்டில ஒரு சென்டர், அஞ்சாமில வலப்பக்கத்துக்கு ஒரு டாக்கிள், ரீச்சர் சொன்னதை நினைச்சு. வாற ஞாயிறு இரவு பத்தரைக்கு முதல் ஆட்டம், மச்சான்ர ரீமோடதான். கடையை எட்டுக்கே பூட்டிறன்.