ஜென்ஷியன் வயலட்: கத்தரிப்பூச் சாயமா, படிக ஊதாவா?

வணக்கம்.

ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா நிறப் பூச்சுமருந்துச் சாயத்துக்குத் தமிழ்ப் பெயராகச் சொல்லப்பட்ட ‘கத்தரிப்பூச் சாயம்’ காதுக்கு இனிமைதான். வயலட் புடவையைக் கத்தரிப்பூ நிறம் என்றுதானே கடையில் கேட்கிறோம்? ஆனாலும் வேண்டாம் என்பேன். ஜென்ஷியன் ஒரு மலைச்செடி. இந்தச் சாயத்தில் அதன் பூ துளியும் கிடையாது. நிறம் ஒத்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். நாமும் இன்னொரு பூவைச் சூட்டினால், நாளைக்கே இதை மூலிகை மருந்து என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

பொருளைப் பார்த்தே பெயர் வைப்போம். நடுவில் ஒரு கரியணு, அதில் மூன்று பென்சீன் வளையங்கள், வளையத்துக்கு ஒரு நைட்ரஜன். அந்த நைட்ரஜன்களில் மெத்தில் குழுக்கள் (ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை) ஏற ஏற நிறம் நீலத்தின் பக்கம் சாயும். நான்கும் ஐந்தும் ஆறும் ஏறியவை கலந்து கிடந்தால் மெத்தில் வயலட். ஆறும் நிரம்பிய தூய சேர்மம் கிறிஸ்டல் வயலட். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற மருத்துவர் 1884-இல் வெளியிட்ட, பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றும் முறையில் வருகிற ஜென்ஷியன் வயலட் அந்தக் காலத்துக் கலவை. இன்று அந்தப் பெயரில் மருந்தாக வருவது பெரும்பாலும் கிறிஸ்டல் வயலட்தான். ஆகவே கலவைக்கு ‘மெத்தில் ஊதா’, தூயதற்குப் ‘படிக ஊதா’. பழைய பெயர் வரலாற்றுக் குறிப்பில் இருந்தால் போதும்.

ஆன்டிசெப்டிக்குக்குக் ‘கிருமிநாசினி’ போடாதீர்கள். பினாயிலுக்கும் அதையே சொல்கிறோம். உயிருள்ள தசையில் தடவுவதற்குப் ‘புரைத்தடுப்பான்’ பொருந்தும்.

———

ஐயா, ‘படிக ஊதா’வுக்கு என் ஒப்புதல். புட்டியில் திரவம் இருக்கப் ‘படிகம்’ என்பதா என்று கேட்பார்கள். புட்டிச் சீட்டின் மேலே ‘ஊதாப் பூச்சுமருந்து’, உட்பொருள் வரியில் ‘படிக ஊதா’ என்று பிரித்துவிடலாம்.

‘ஹாஃப் ஸ்ட்ரெங்த்’ என்பதற்கான ‘அரைவலு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவோம். தோலுக்கு 0.5%, குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு அதில் சம அளவு நீர் சேர்த்த 0.25%, நாளைக்கு இரு வேளை. இந்த 0.25%-ஐத்தான் அரைவலு என்கிறார்கள். 1% புட்டியை எடுத்துப் பாதியாக்கினால் அதுவும் அரைவலுதான். ஆனால் வாய்க்கு இரட்டிப்பு. மூன்றையும் வரிசையாக வைத்தாலும் கண்ணுக்கு ஒரே கறுப்பு ஊதா, வித்தியாசம் தெரியாது. எனவே விழுக்காடு எண்ணிலேயே வரட்டும்.

1% கரைசலைக் கரைக்கும் குறிப்பில் ‘கலக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. 1 கிராம் தூளை நேரே நீரில் கொட்டினால் கட்டி கட்டும். முதலில் 10 மில்லி ஆல்கஹாலில் குழைத்து, பிறகு நீர் விட்டு 100 மில்லியாக்கி, வடிகட்ட வேண்டும். கரையாத குருணை பட்ட இடத்தில் புண்ணே வரலாம். ‘குழைத்தல்’, ‘குருணை’ இரண்டும் நம் சமையலறைச் சொற்கள். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. தோலில் பட்ட கறை நாளடைவில் போய்விடும். ஆறிவரும் சிவந்த புதுத்தசையில் தடவினால் போகாது, பச்சை குத்தினதுபோல் நின்றுவிடும். ஊதா நிறத்தைப் ‘பச்சை’ என்று எழுதுவதைவிட ‘நிலைக்கறை’ நல்லது. முகத்துப் புண்ணுக்கான எச்சரிக்கை வரியில் இந்தச் சொல் கட்டாயம் வேண்டும்.